மாதம் 500 ரூபாயில் கார்டு கேம்: பெங்களூரு மாணவர்களுக்கான முழு வழிகாட்டி

பிஜி வாடகை, மெஸ், மெட்ரோ எல்லாம் போக மிச்சமிருக்கும் காசில் போகிமானோ மேஜிக்கோ விளையாட முடியுமா என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே நாலைந்து பூஸ்டர் பாக்கெட்டை (உள்ளே என்ன கார்டு என்று தெரியாத சிறு உறை) உடைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். கையில் ஐம்பது கார்டு இருக்கும். அதில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாது.

500 ரூபாயில் தாராளமாக விளையாடலாம். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் எதிரே உட்கார ஆள், அப்புறம் எந்த ஆட்டம் என்ற முடிவு, கடைசியில்தான் கார்டு. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான்.

பள்ளியில் டபிள்யூடபிள்யூஇ ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒரு கட்டு வாங்கினால் ஆட்டம் முழுதாகக் கையில் வந்துவிடும். டிரேடிங் கார்டு கேமில் (சுருக்கமாக டிசிஜி) அப்படி இல்லை. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் 1993-இல் மேஜிக்: த கேதரிங் கொண்டுவந்தபோதே, ஆளாளுக்கு வேறு வேறு கார்டு, அவரவர் கட்டை அவரவரே அமைக்க வேண்டும் என்பதுதான் அமைப்பு. 1996-இல் ஜப்பானில் வந்த போகிமான், 1999-இல் வந்த யூ-கி-ஓ, 2022-இல் வந்த ஒன் பீஸ் எல்லாம் அதே வழிதான். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாங்க வைப்பதுதான் இந்த வியாபாரம். அந்தத் தெரியாமைக்குப் பணம் கொடுக்காமல் ஆடும் வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

1. ஆள் தேடுங்கள்

உங்கள் ஹாஸ்டல் அல்லது பிஜியிலேயே இரண்டு பேர் தயாரென்றால் பாதிச் செலவு குறைந்தது. கடைக்குப் போய் ஆட வேண்டிய கட்டாயம் இல்லை, போட்டி விதிகள் இல்லை, பழைய கார்டு செல்லாது என்ற பேச்சும் இல்லை. கல்லூரியில் போர்டு கேம் கிளப் இருந்தால் அங்கே முதலில் விசாரியுங்கள்.

வெளியே ஆட வேண்டுமென்றால் கோரமங்களா, இந்திராநகர், எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் போர்டு கேம் கஃபேக்களும் ஹாபி கடைகளும் உண்டு. போவதற்கு முன் போனில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிழமை எந்த கேம்? மேஜைக்கு மணிக்கணக்கில் கட்டணமா, சாப்பாடு வாங்கினால் போதுமா? புதிதாக வருபவர்களுக்கு கடன் டெக் (கார்டுக் கட்டு) கிடைக்குமா? முதல் முறை எதுவும் வாங்காமல் வேடிக்கை பாருங்கள். வருடக்கணக்கில் ஆடுபவர்களிடம் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டு இருக்கும். "கத்துக்கிறேன், ஒரு ஆட்டம் தர்றீங்களா" என்றால் சந்தோஷமாகவே நீட்டுவார்கள். மேஜையில் தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் எல்லாம் கலந்துதான் ஓடும், கூச்சப்பட வேண்டாம்.

பயணச் செலவையும் இந்த 500-இல் சேருங்கள். 2025 பிப்ரவரியில் நம்ம மெட்ரோ கட்டணம் ஏறியபோது உச்சக் கட்டணம் 60-இலிருந்து 90 ரூபாய் ஆனது. நகரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வாரம் ஒரு முறை போய்வந்தால், கார்டு வாங்காமலேயே பட்ஜெட் காலி. பெண்களுக்கு 2023 ஜூன் முதல் சக்தி திட்டத்தில் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். சேலம் முகவரி ஆதாரை நீட்டினால் டிக்கெட்தான் கிழிப்பார்கள்.

இடம் கிடைக்காதவர்களுக்கு கப்பன் பார்க் இருக்கிறது. புல்வெளியில் பழைய வேட்டியை நான்காக மடித்து விரித்தால் அதுதான் ப்ளேமேட், அதாவது ஆட்ட விரிப்பு. காற்றில் கார்டு பறக்காமல் இருக்க வீசும் பக்கம் பையை வையுங்கள். மே மாதத்துக்கு மேல் மாலை நாலு மணி தாண்டினால் வானத்தை ஒரு கண் பார்த்துக்கொண்டே ஆடுங்கள்.

2. எந்த ஆட்டம்?

உங்களைச் சுற்றியிருப்பவர்கள் எதை ஆடுகிறார்களோ அதுதான் சரியான ஆட்டம். இரண்டு மூன்று வாய்ப்புகள் இருந்தால் மட்டும் இதைப் படியுங்கள்.

காசு குறைவென்றால் என் முதல் சிபாரிசு போகிமான். 60 கார்டு கட்டு. அடிப்படை எனர்ஜி (தாக்குதலுக்குச் சக்தி தரும் கார்டு) தவிர ஒரே பெயரில் அதிகபட்சம் 4. தொடக்கத்தில் ஒதுக்கி வைக்கும் ஆறு பரிசுக் கார்டுகளை முதலில் எடுப்பவர் வெற்றி. இதில் ஒரு நல்ல விஷயம், ஒரே கார்டு சாதாரணப் படத்திலும் வரும், அலங்காரப் படத்திலும் வரும். ஆயிரக்கணக்கில் விலை போவது அலங்காரப் படம். ஆட்டத்தில் இரண்டுக்கும் ஒரே வேலைதான். சேகரிப்பவர்கள் மினுமினுப்பின் பின்னால் ஓடுவதால், ஆடுபவர்களுக்குச் சாதாரணப் பிரதி மலிவாகவே கிடைக்கிறது.

இரண்டாவது மேஜிக்கின் பாப்பர் முறை. காமன் என்ற அடிமட்ட வகையில் எப்போதாவது அச்சான கார்டுகளை மட்டும் வைத்து ஆடுவது. கார்டில் இருக்கும் செட் (ஒன்றாக வெளியான கார்டுத் தொகுதி) சின்னம் கறுப்பாக இருந்தால் காமன், வெள்ளி நிறம் அன்காமன், தங்க நிறம் ரேர். முன்பு ஆளாளுக்கு ஒரு பட்டியல் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 2019-இல் அதிகாரப்பூர்வமாக ஒரே பட்டியல் வந்தது. மலிவு என்பதற்காகச் சப்பென்று இருக்கும் என்று நினைக்க வேண்டாம். லைட்னிங் போல்ட், கவுன்டர்ஸ்பெல் போன்ற பேர்போன கார்டுகள் எல்லாம் இங்கே செல்லும். வருடா வருடம் கார்டு காலாவதியாகும் தொல்லையும் இல்லை. ஒரு கட்டு கட்டினால் டிகிரி முடியும் வரை ஓடும்.

மேஜிக்கிலேயே கமாண்டர் என்று ஒன்று: 100 கார்டு, அடிப்படை நிலக் கார்டு (மற்ற கார்டுகளைப் போடச் சக்தி தருவது) தவிர எதிலும் ஒரே பிரதி, 40 உயிர், பெரும்பாலும் நான்கு பேர் ஒரே மேஜையில். தயார்நிலைக் கட்டாகவே வாங்கலாம். மாணவர் கணக்குக்கு முதல் விலை கொஞ்சம் கனம். அதைவிட ஆபத்து, அடுத்த மாதமே "இந்த ஐந்து கார்டை மாத்தினா போதும்" என்று ஆரம்பிப்பது. வாங்கினால் ஆறு மாதம் கையை வைக்காதீர்கள்.

யூ-கி-ஓவில் பிரதான கட்டு 40 முதல் 60 வரை, தனியாக வைக்கும் எக்ஸ்ட்ரா டெக் 15 வரை, ஒரு கார்டு அதிகபட்சம் 3. ஸ்ட்ரக்சர் டெக் என்ற தயார்நிலைக் கட்டில் ஒரே வகையை மூன்று வாங்கிக் கலந்தால் உருப்படியான கட்டு கிடைக்கும் என்பது பழைய தந்திரம், வீட்டளவில் இன்றும் பலிக்கும். போட்டிக்குப் போனால் செலவு எகிறும். ஒன் பீஸில் 50 கார்டு, கட்டின் தலைவனாக ஒரு லீடர் கார்டு, மற்ற கார்டுகளைப் போடும் செலவுக்கு 10 டான் கார்டு. ஸ்டார்ட்டர் டெக் நன்றாகவே இருக்கும், கிடைப்பதுதான் பாடு.

3. காசில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் மாதம் கார்டு வாங்கவே வேண்டாம். போகிமான் டிசிஜி லைவ், மேஜிக் அரீனா, யூ-கி-ஓ மாஸ்டர் டூயல் மூன்றும் இலவசம். சேர்ந்ததும் ஆடத்தக்க கட்டுகளையும் தருகிறார்கள். விதி, கட்டங்களின் வரிசை, எந்தக் கார்டை எப்போது போடுவது என்பதெல்லாம் இங்கேயே பழகிவிடும். நிஜ போகிமான் பாக்கெட்டுக்குள் லைவ் ஆப்புக்கான குறியீட்டுச் சீட்டு ஒன்று வரும். கார்டு மட்டும் சேர்ப்பவர்கள் அதைத் தொடுவதே இல்லை. கேட்டுப் பாருங்கள், சும்மாவே கொடுத்துவிடுவார்கள்.

போகிமான் டிசிஜி பாக்கெட் என்ற பெயரில் 2024 அக்டோபரில் வந்த ஆப் வேறு. அதில் கட்டு 20 கார்டுதான், விதியும் சுருக்கம். பொழுது போகும், மேஜை ஆட்டத்துக்குப் பயிற்சி ஆகாது.

ஆப்புக்குள் பணம் போடாதீர்கள். அதற்கு இந்த வழிகாட்டியே தேவையில்லை.

4. பிரின்ட் எடுத்து ஆடிப் பாருங்கள்

ஒரு கட்டை வாங்கும் முன் அது உங்களுக்குப் பிடிக்குமா என்று தெரிய வேண்டும். வெற்றி பெற்ற கட்டுகளின் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. போகிமானுக்கு லிமிட்லெஸ் தளம், மேஜிக்குக்கு மாக்ஸ்ஃபீல்டும் எம்டிஜி கோல்ட்ஃபிஷும். பிடித்ததை எடுத்து அச்சடியுங்கள்.

போகிமான், மேஜிக், ஒன் பீஸ் கார்டுகளின் அளவு 63 × 88 மி.மீ. ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கார்டு அடங்கும். 60 கார்டுக்கு ஏழு தாள். கறுப்பு வெள்ளையே போதும், எழுத்து படித்தால் சரி. கல்லூரிக்கு வெளியே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் "ஸ்கேல் 100%, ஃபிட் டு பேஜ் வேண்டாம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கார்டு சுருங்கி வரும்.

வெட்டிய தாள் தொளதொளவென்று இருக்கும். பின்னால் கெட்டி அட்டை வேண்டும். சாதாரணச் சீட்டுக்கட்டு கிட்டத்தட்ட இதே அளவுதான், ஸ்லீவுக்குள் (கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறை) அழகாக உட்காரும். ஒரு கட்டில் 52 என்பதால் 60 கார்டுக்கு இரண்டு பழைய கட்டு தேவை. ஹாஸ்டல் அறையில் இரண்டு சீட்டுக்கட்டைப் பார்க்கும் வார்டன் என்ன நினைப்பார் என்பது உங்கள் பாடு. பின்பக்கம் தெரியாத ஸ்லீவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எதிராளிக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இது நண்பர்களுக்குள் ஆடுவதற்கு மட்டும். அதிகாரப்பூர்வப் போட்டியில் அசல் கார்டுதான் செல்லும். சொந்தமாக, விற்பனைக்கு அல்லாமல் பழகுவதற்குச் செய்துகொள்வதைத் தடுக்கும் எண்ணமில்லை என்று மேஜிக் நிறுவனமே 2016-இல் சொல்லியிருக்கிறது. அசலைப் போலவே அச்சடித்து "ப்ராக்ஸி" (பதிலிக் கார்டு) என்ற பெயரில் விற்பவர்களிடம் வாங்குவது வேறு விஷயம். அது கள்ளச் சரக்கு, பக்கத்தில் போகாதீர்கள்.

பத்து ஆட்டம் ஆடிய பிறகும் அந்தக் கட்டு பிடித்திருந்தால் வாங்குங்கள். அலுத்துப்போனால் நஷ்டம் ஏழு தாள்.

5. பாக்கெட்டை ஏன் உடைக்கக் கூடாது

இன்ஜினியரிங் படிப்பவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு வேண்டிய கார்டு சராசரியாக நூறு பாக்கெட்டில் ஒன்றில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பாக்கெட் வாங்கினால் கட்டாயம் கிடைக்கும் என்று மனது சொல்லும். 0.99-ஐ நூறு முறை பெருக்கினால் 0.366. அதாவது நூறு பாக்கெட் உடைத்தும் கிடைக்காமல் போக 37% வாய்ப்பு. உங்களுக்கோ அதில் நான்கு பிரதி வேண்டும்.

அதே கார்டை ஏற்கெனவே உடைத்தவரிடம் தனியாக வாங்குவதுதான் சிங்கிள்ஸ். ஆடுபவர்கள் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறார்கள். பாக்கெட் உடைக்கும் சுகம் வேண்டும் என்றால் பிறந்தநாளுக்கு ஒன்று உடையுங்கள். அதை விளையாட்டுச் செலவில் எழுதாமல் சினிமா டிக்கெட் கணக்கில் எழுதுங்கள்.

6. வாங்கும் வரிசை

முதலில் ஸ்லீவ். மேலே சொன்ன 63 × 88 அளவுக்கு "ஸ்டாண்டர்ட்" ஸ்லீவ். யூ-கி-ஓ கார்டு 59 × 86, அதற்கு "ஜாப்பனீஸ் சைஸ்" கேளுங்கள். ஒரே நிறம், ஒரே பிராண்டு, கட்டுக்குத் தேவையானதைவிடப் பத்து அதிகம். ஒன்று கிழிந்து வேறு நிறத்தில் மாற்றினால் அந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு தயார்நிலைக் கட்டு. இதற்கு இரண்டு மூன்று மாதக் காசைச் சேர்க்க வேண்டியிருக்கும், அவசரப்படாதீர்கள். போகிமானில் லீக் பேட்டில் டெக் என்ற வகையைத் தேடுங்கள். குழந்தைகளுக்கான சாதாரணக் கட்டைவிட விலை கூட, ஆனால் எந்தக் கட்டிலும் பயன்படும் ட்ரெய்னர் கார்டுகள் (போகிமான்களுக்குத் துணையாகப் போடுபவை) அதில் நிறைய. அல்ட்ரா பால், பாஸஸ் ஆர்டர்ஸ், ரேர் கேண்டி மாதிரியான கார்டுகள் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சேர்ப்பதுதான் உண்மையான முதலீடு.

இருவராகத் தொடங்குபவர்களுக்கு இன்னொரு வழி. உலகச் சாம்பியன்ஷிப்பில் நன்றாக ஆடிய கட்டுகளின் நகலை போகிமான் நிறுவனமே வருடா வருடம் வெளியிடுகிறது. பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும், போட்டிக்குச் செல்லாது. அதனால்தான் மலிவு. ஒரே வருடத்தின் இரண்டு கட்டுகள் கிடைத்தால் வீட்டு ஆட்டத்துக்கு அதைவிட நல்ல பேரம் இல்லை.

அதன் பிறகு சிங்கிள்ஸ். இந்திய விற்பனையாளர்களின் தளங்கள், வாட்ஸ்அப், டிஸ்கார்ட் குழுக்கள், கடையில் சந்திக்கும் ஆட்கள். தெரியாதவரிடம் வாங்கும்போது, இன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டோடு கார்டின் இரண்டு பக்கமும் படம் கேளுங்கள். பழைய பரிவர்த்தனைகளுக்கு யாராவது சாட்சி சொல்வார்களா என்று பாருங்கள். யுபிஐயில் பணம் போனால் போனதுதான். "நியர் மின்ட்" என்ற புத்தம்புதுக் கார்டு வேண்டாம், "லைட்லி ப்ளேட்" கேளுங்கள். ஓரத்தில் வெள்ளைத் தேய்மானம் இருக்கும், ஸ்லீவுக்குள் போனால் யார் பார்க்கப்போகிறார்கள்?

வெளிநாட்டுத் தளங்களில் விலை மலிவாகத் தெரியும். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் அந்த மலிவு காணாமல் போகும். கட்டாயம் என்றால் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

எப்போது வாங்குவது என்பதிலும் காசு இருக்கிறது. புது செட் வந்த வாரம் விலை உச்சத்தில் இருக்கும், சில வாரம் பொறுங்கள். போகிமானின் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி முறையில் கார்டின் கீழ் மூலையில் இருக்கும் சிறு எழுத்தைப் பார்த்து, வருடம் ஒரு முறை பழைய எழுத்துக்காரர்களை வெளியே அனுப்புவார்கள். கடைப் போட்டிக்குப் போகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். வீட்டில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு அதுதான் தள்ளுபடித் திருவிழா. நேற்று வரை ராஜாவாக இருந்த கட்டு இன்று சல்லிசாகக் கிடைக்கும்.

பளபளக்கும் ஃபாயில் கார்டு வேண்டாம். காகிதம் ஈரத்தை இழுக்கும், மேலே ஒட்டிய பளபளப்பு இழுக்காது, அதனால் வளையும். பெங்களூரில் நேராக இருந்தது பொங்கலுக்குச் சென்னை போய்வந்தால் வில்லாகிவிடும். வளைந்த கார்டைக் கட்டுக்குள் தடவியே கண்டுபிடிக்கலாம் என்பதால் போட்டி நடுவர்கள் மாற்றச் சொல்வார்கள்.

டேமேஜ் கவுன்டருக்கு (போகிமான் வாங்கிய அடியைக் குறிக்க மேலே வைக்கும் வில்லை) தனியாகச் செலவு செய்யாதீர்கள். ஊரிலிருந்து ஒரு கை புளியங்கொட்டை கொண்டுவாருங்கள்.

7. போலிகள்

ஸ்டேஷனரி கடையிலும் நடைபாதையிலும் பத்து இருபது ரூபாய்க்குத் தொங்கும் போகிமான் பாக்கெட்டுகள் போலி. தங்க நிறத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் கார்டுகளும் அப்படியே. பழகவாவது உதவுமா என்றால் உதவாது. எச்பி (உயிர்) எண் வாய்க்கு வந்தபடி இருக்கும், தாக்குதல் விவரம் அர்த்தமில்லாமல் இருக்கும்.

தனிக் கார்டில் சந்தேகம் வந்தால் அசல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பின்பக்க நீலம் வெளிறியிருக்கிறதா, எழுத்துரு தடித்திருக்கிறதா, ஆங்கிலத்தில் போகிமான் என்று எழுதும்போது நடுவில் வரும் ஈ எழுத்தின் மேல் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் அசலில் வெளிச்சம் குறைவாகத்தான் ஊடுருவும், நடுவில் கறுத்த அடுக்கு இருப்பதால். மேஜிக் கார்டென்றால் ஒரு சின்ன பூதக்கண்ணாடி போதும். பின்பக்கத்து ஐந்து வண்ணப் பொட்டுகளில் பச்சைக்குள் நான்கு சிவப்புப் புள்ளிகள் எல் வடிவில் தெரிய வேண்டும்.

8. மலிவான கட்டை வலுவாக்குவது

விலை உயர்ந்த கார்டு ஒன்றைத் திணிப்பதால் கட்டு வலுவாவதில்லை. 60-இல் ஒரே ஒரு பிரதி இருந்தால் தொடக்கத்தில் எடுக்கும் ஏழில் அது இருக்க வாய்ப்பு 12%-க்கும் கீழே. நான்கு பிரதி இருந்தால் கிட்டத்தட்ட 40%. ஒரே வேலை செய்யும் எட்டு கார்டு இருந்தால் 65%. ஆகவே "இதில் ஒன்று, அதில் ஒன்று" என்று கலவைச் சாதம் கிண்டாமல், உங்கள் கட்டின் வேலையைச் செய்யும் மலிவுக் கார்டுகளை நான்கு நான்காக வையுங்கள். கார்டு எடுக்க உதவும் கார்டுகளுக்கு முதலிடம்.

போகிமானில் தொடக்கக் கையில் ஒரு பேசிக் போகிமானாவது (நேரடியாகக் களமிறக்கக்கூடியது) இருக்க வேண்டும், இல்லையென்றால் கலைத்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், எதிராளி கூடுதலாக ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். எட்டு பேசிக் வைத்தால் மூன்றில் ஒரு முறை இந்தச் சிக்கல் வரும். பன்னிரண்டு வைத்தால் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே.

9. பொதுப் பெட்டி

நான்கு பேர் சேர்ந்துவிட்டால் தனித்தனியாக வாங்குவதை நிறுத்துங்கள். மேஜிக் ஆடுபவர்கள் க்யூப் என்று ஒன்று செய்வார்கள்: குழுவுக்குப் பொதுவான கார்டுப் பெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. ஆளுக்கு 15 கார்டு கொண்ட மூன்று குவியல். ஒன்று எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். முதல் குவியல் இடப்பக்கம், இரண்டாவது வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். கிடைத்ததில் 23-ஐயும் சுமார் 17 நிலக் கார்டுகளையும் சேர்த்து 40 கார்டு கட்டு அமைத்து ஆடுவார்கள். முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிவிடும். அடுத்த வாரம் வேறு கட்டு, வேறு ஆட்டம்.

நான்கு பேருக்கு 180 கார்டு போதும், எட்டுப் பேருக்கு 360. எல்லாமே காமன் கார்டாக வைத்தால் மாணவர் காசுக்குள் முடியும். பாக்கெட் உடைப்பவர்கள் வீட்டில் காமன் கார்டுகள் பெட்டி பெட்டியாகத் தூங்கும். பல்க் என்று கேட்டால் மொத்தமாகக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மேஜிக் கார்டுகளின் ஐந்து நிறங்களும் சம அளவில் இருக்கும்படி பிரித்தெடுங்கள், ஸ்க்ரைஃபால் தளத்தில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று தேடலாம். நிலக் கார்டு நிறத்துக்கு 20 முதல் 25 வரை தனியாகச் சேருங்கள். இங்கே பெரிய செலவு ஸ்லீவ்தான், அதையும் நான்காகப் பிரித்தால் வலிக்காது.

போகிமான் குழு என்றால் ஒன்றுக்கொன்று சமமான நான்கைந்து கட்டுகளைப் பொதுவில் வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கும்போதே இரண்டு விஷயங்களை எழுதி வையுங்கள். ஒன்று, யார் எவ்வளவு போட்டார்கள், எந்தக் கார்டு யாருடைய சொந்தம் என்ற பட்டியல், ஒரு கூகுள் ஷீட் போதும். இன்னொன்று, கடைசி செமஸ்டர் முடிந்து ஒருவர் ஓசூருக்கும் ஒருவர் புனேவுக்கும் போகும்போது பெட்டி யாரிடம் இருக்கும் என்பது. பெங்களூரிலேயே வேலை கிடைப்பவர் மற்றவர்களின் பங்கைக் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும். இல்லையென்றால் ஜூனியர்களுக்கு விற்றுவிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்லீவோடு விற்றால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம்.